குன்னூரைப் பார்க்கும் நுனி

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. காற்று கொஞ்சம். மொட்டை மாடி ஆண்டெனாவின் ஒரு நுனியை வேப்பமரத்தில் கட்டியிருக்கும் கயிறு தேய்ந்து நார்நாராக நிற்கிறது. இன்னொரு பெருங்காற்று தாங்காது.

செய்ய வேண்டியவை:
– நைலான் கயிறு. நீலம் வேண்டாம், வெயிலில் பொடியாகிறது
– பி.வி.சி. துண்டு இரண்டு, நுனிக்கு
– ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனி மோட்டார். உப்பு ஏறிக் கிடக்கிறது. காயில் கம்பி முழுக்க உரிக்க வேண்டும்
– மிளகாய்த்தூள் (சிவகாமி மூன்று முறை சொல்லிவிட்டாள்)

காலை நெட்டில், ஹாம் ரேடியோக்காரர்கள் தினமும் கூடிப் பேசுகிற நேரத்தில், இன்றும் அதே கதை. ஏழரைக்கு முதலில் மைக்கைப் பிடித்தது நான். கூப்பிட்டேன், சிக்னல் எப்படி என்று கேட்டேன். "ஃபைவ் நைன் முத்து, தெளிவா வருது, செவன்டி த்ரீ." நன்றாகக் கேட்கிறது, போய் வா என்று அர்த்தம். முடிந்தது என் கச்சேரி.

அடுத்து சிவகாமி உட்கார்ந்தாள். உடனே திருச்சிக்கு உயிர் வருகிறது, காரைக்குடி கனைக்கிறது, கரூர் குட்மார்னிங் சொல்கிறது. அதற்கப்புறம் குன்னூர். சாமுவேல் சார். டீ பாக்டரியில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். மனைவி தவறிவிட்டார். வீடு மலைச்சரிவில். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஒரு குரல். மற்றவர்கள் எல்லாம் பேசி முடித்தால் 'ஓவர்' என்பார்கள். இவர் மட்டும் "அப்புறம்?" என்பார். இவள் அப்புறத்தைச் சொல்வாள். அவர் மறுபடி "அப்புறம்?"

இன்று அந்த அப்புறத்தில் வந்தது: "கல்யாணம் ஆன புதுசுல சார், கடையில காயிலுக்கு வார்னிஷ் அடிப்பாங்கள்ல, அந்த வாசனைக்கு எனக்கு மண்டையைப் பிளக்கும். ஒரு வருசம் வாயே தொறக்கல. புது இடம், என்னத்தச் சொல்ல."

பக்கத்தில் உட்கார்ந்து பதிவு நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பேசுவாள், நான் எழுதுவேன். கம்பவுண்டர் வேலை. பேனா நின்றுவிட்டது. இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றை ஏழு மெகாஹெர்ட்ஸில், கரூரும் காரைக்குடியும் கேட்க, குன்னூருக்குச் சொல்கிறாள்.

அவர், "அடடா. அப்புறம்?"

ஒரே செட், ஒரே கம்பி, ஒரே வீடு. ரேடியோவில் பேச உரிமம் மட்டும் இரண்டு. தேர்வுக்கு எனக்குத் துணையாக வந்தவள்தான். "சும்மா வெளிய ஒக்காந்திருக்கறதுக்கு நானும் எழுதுறேனே" என்றாள். மார்க் என்னைவிடக் கூட. அதையும் சாமுவேலுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 11, புதன்

புழுக்கம். மேகம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஏழரைக்கு நான் மேலே போகவில்லை. கீழே மோட்டார் ரிப்பேர் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். மேலே அவள் குரலும், சாமுவேலின் அண்டாவும். சிரிப்பு. அவள் சிரிப்பு. வீட்டில் அந்தச் சிரிப்பு கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்தேன். பையன் கதிர் மஸ்கட் போவதற்கு முன்னால் ஏதோ ஒரு நாள்.

ரிப்பேர் முடிந்த மிக்ஸி ஒன்று மேஜையில் இருந்தது. டெஸ்ட் பண்ணினேன். பழைய கார்பன் பிரஷ், தீப்பொறி நன்றாக அடித்தது. மிக்ஸி ஓடினால் மேலே ரேடியோவில் அப்பளம் பொரிக்கிற சத்தம்தான் வரும். எனக்குத் தெரியாதா. ஓட்டினேன். நிறுத்தி, மறுபடியும் ஓட்டினேன்.

சி. படியில் பாதி இறங்கி வந்தாள்.

"ஏங்க, அத எட்டு மணிக்கு மேல ஓட்டக் கூடாதா? ஒண்ணுமே கேக்கல."

"கஸ்டமர் வந்து நிக்கிறாரு."

கடையைப் பார்த்தாள். கடையில் நான் மட்டும். திரும்பி ஏறிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சிரிப்பு. அவர் என்ன சொல்லியிருப்பார்? "உங்க வீட்டுல சட்னியா?" என்று கேட்டிருப்பார்.

பொறாமை. எழுதிவிட்டேன். எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஐஸ் கம்பெனி மோட்டார் பாதி உரித்தேன். பதினெட்டு நம்பர் கம்பி தீரப் போகிறது.

ஜூன் 13, வெள்ளி

காற்று இல்லை. வேப்பிலை கூட அசையவில்லை.

சாயங்காலம் மஸ்கட். இது என் நேரம். வெள்ளிக்கிழமை கதிருக்கு லீவு. ஏ.சி. வேலை, மற்ற நாளில் இரவு வரை ஆளைப் பிடிக்க முடியாது. அவனுக்கு உரிமம் கிடையாது, பேச முடியாது. ஒரு சின்ன ரேடியோ வைத்திருக்கிறான். அறை மாடியில் நின்று கேட்பான். நான் இங்கிருந்து யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். கேட்டால் வாட்ஸப்பில் மார்க் போடுவான்.

அவன் போன பிறகுதான் பெரிய கம்பிக்குக் கீழே இன்னொரு குட்டைக் கம்பி ஜோடி சேர்த்தேன். நடுவில் ஒரே இணைப்பு, இறங்கி வருவது ஒரே கேபிள். பெரிய கம்பி பக்கத்து ஊர்களுக்கு, குட்டைக் கம்பி வெளிநாட்டுக்கு. நானே அளந்து, நானே வெட்டி, நானே ஏற்றியது. இதில் குன்னூருக்குப் பங்கில்லை.

இன்று இத்தாலிக்காரர் ஒருத்தர் பதிலுக்கு வந்தார். அவர் பேர் பிடிபடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் துள்ளியது.

"ப்பா, செம்மயா கேக்குது. பக்கத்து வீட்டுல நின்னு கத்துற மாதிரி. ரூம்ல எல்லாருக்கும் காட்டுனேன். உங்க குரல கேட்டு மலையாளி ஒருத்தன் யாரு பாட்டு பாடுறதுன்னு கேக்குறான்."

சி.யிடம் காட்டினேன். மூன்று தடவை படித்தாள். "பாட்டாம்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நல்ல நாள். எழுதி வைக்கிறேன். இன்று பொறாமை இல்லை, சாமுவேல் நினைப்பே இல்லை என்று எழுதப் போனேன். எழுதுவதாலேயே நினைப்பு வந்துவிட்டது.

ஜூன் 14, சனி

இரண்டு தூறல். மண் கூட நனையவில்லை.

நெட்டில் சாமுவேல் தேயிலைக் கதை. எந்தக் கொழுந்தை எப்போது கிள்ள வேண்டும் என்று. சி. கேள்வியாகக் கேட்டாள். வீட்டில் டீ போடுவது நான். ஒரு நாள் கூட டீத்தூளைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. பழைய தேர்வுப் புத்தகத்தை எடுத்தேன். ஆண்டெனாப் பாடம். எட்டு மாதிரி ஒரு படம். கம்பியின் இரண்டு பக்கவாட்டிலும் சத்தம் நன்றாகப் போகும், வரும். கம்பியின் நுனி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் போகாது, வராது. இரண்டு பேரும் இதே பக்கத்தைத்தான் படித்தோம். அவள் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள்.

போனில் மேப். குன்னூர் எங்களுக்கு வடமேற்கு. இப்போது கம்பி வடகிழக்கில் வேப்பமரம், தென்மேற்கில் தண்ணீர் டேங்க் பைப். அதாவது கம்பியின் அகலமான முதுகை அப்படியே குன்னூருக்குக் காட்டி வைத்திருக்கிறேன். வா ராசா வா என்று நானே வாசலைத் திறந்து போட்டிருக்கிறேன்.

கால் வட்டம் திருப்பினால் நுனி நேரே குன்னூரைப் பார்க்கும்.

கயிறும் தேய்ந்துதான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது மரத்தை மாற்றினால் என்ன? யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கம்பியைத் திருப்புகிறேன், அவ்வளவுதான்.

பின்வீட்டு பாயிடம் அவர் தென்னை மரத்தைக் கேட்டேன். "தாராளமா கட்டிக்கங்க. தேங்கா தலையில விழுந்தா என்னையச் சொல்லக் கூடாது."

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்தது. காற்று ஆரம்பம். மேற்கேயிருந்து புழுதி.

ஆண்டெனா வேலை, காலை முழுக்க. நடு பைப் அப்படியே. இரண்டு நுனியும் இடம் மாற்றம். ஒன்று பாய் வீட்டுத் தென்னை, வடமேற்கு. மற்றது தெருப்பக்கம் கைப்பிடிச் சுவரில் புதிதாக நட்ட பைப். தெரு மின்கம்பிக்கு நன்றாகத் தள்ளி. தென்னையில் ஏற ஆள் பிடித்தேன். சி. கீழிருந்து கயிறு பிடித்தாள்.

"எதுக்குங்க இப்ப மரத்த மாத்துறீங்க?"

"வேப்பங்கெளை ஆடுது. காத்துக் காலம். கம்பி அந்துரும்."

"தென்ன மட்டும் ஆடாதாக்கும்?"

"அது ஆடுற விதம் வேற."

கயிற்றைப் பிடித்தபடியே தென்னையைப் பார்த்தாள். திரும்பி நடு பைப்பைப் பார்த்தாள். அதற்கப்புறம் என்னை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "சரி, இழுக்கவா?" என்றாள்.

கம்பியை இறக்கிய கையோடு நடு இணைப்பைத் திறந்து பார்த்தேன். பச்சை பூத்துக் கிடந்தது. மழை உள்ளே போயிருக்கிறது. சுரண்டி, புதிதாக ஈயம் வைத்து, மேலே வார்னிஷ் பூசினேன். பூசும்போது அவள் எழுந்து காற்றடிக்கிற பக்கம் போய் நின்றாள். இத்தனை நாள் அதைக் கவனித்ததில்லை. இன்று கவனித்தேன். எரிச்சல்தான் வந்தது, அந்த விஷயம் குன்னூர் வழியாக அல்லவா எனக்கு வந்தது.

மீட்டரில் பார்த்தேன். இரண்டு கம்பியும் ஒன்றரைக்குள், பவர் திரும்பி வரவில்லை. சுத்தம். வேலை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது.

நாளைக் காலை பார்ப்போம் சாமுவேல் சார்.

ஜூன் 16, திங்கள்

சீக்கிரம் எழுந்தேன். ஏழரைக்கு முன்பே நாற்காலி போட்டாயிற்று. மைக்கை அவளிடமே முதலில் கொடுத்தேன். "என்னங்க அதிசயமா இருக்கு" என்றாள்.

திருச்சி வந்தது. காரைக்குடி வந்தது. குன்னூர்.

"சிவகாமி மேடம், என்ன பண்ணுனீங்க? சும்மா கும்முனு வர்றீங்க! முன்னைக்கு இப்ப ரொம்பத் தேவல. பக்கத்து ரூம்ல இருக்குற மாதிரி இருக்கு."

இங்கேயும் அவர் குரல் அப்படித்தான் கேட்டது. அண்டா இப்போது காதுக்குள்ளேயே.

"எங்க வீட்டுக்காரரு நேத்து முழுக்க வெயில்ல நின்னு ஆண்டெனாவ மாத்தி வச்சாரு சார்."

"முத்து சாருக்கு என் நன்றியைச் சொல்லிருங்க. அப்புறம்?"

நன்றியாம். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். நடு இணைப்பைச் சுரண்டியது நான். ஈயம் வைத்தது நான். கெட்டுப்போன இணைப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அதுதான் நான் செய்த தப்பு.

ஆனால் திசை? நுனி திசையில் வரக் கூடாதே. புத்தகம் பொய்யா?

மிளகாய்த்தூள் வாங்கியாயிற்று.

ஜூன் 18, புதன்

காற்று. கண்ணில் மண். தென்னை மட்டை ஆடி ஆடிக் கம்பி தொய்ந்து தொய்ந்து நிமிர்கிறது. ஆடுகிற விதம் வேறல்ல.

கம்பியை இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிக் கட்டிப் பார்த்தேன். அவள் மார்க்கெட் போயிருந்த நேரம். ஒரு வித்தியாசமும் இல்லை. குன்னூர் குன்னூராகவே இருக்கிறது.

சாமுவேல் இன்று தன் மனைவி பற்றிப் பேசினார். அவருக்கு ரோஜாச் செடி வைக்கப் பிடிக்குமாம். ஒன்று இப்போதும் பூக்கிறதாம். சி. "அப்புறம் சார்?" என்றாள். இந்த முறை கேட்டது அவள்.

நல்ல மனிதராகத்தான் இருக்கிறார். அதுவும் பிடிக்கவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். வயிற்றில் எரிகிறது. மத்தியானம் மோர் குடித்தேன். இது அந்த எரிச்சல் இல்லை.

ஐஸ் கம்பெனி மோட்டார் முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன், பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடுகிறது. எடுத்துப் போக வந்தவர், "ஒங்க கைக்கு ஒரு கும்புடுங்க" என்றார். யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் மேகம், மழையில்லை.

மஸ்கட் நேரம். கூப்பிட்டேன். கூப்பிட்டேன். தொண்டை வறண்டது. ஐரோப்பா பக்கமிருந்து ஒரு குஞ்சு கூடத் திரும்பவில்லை. கிழக்கே ஜப்பான் லேசாகக் கேட்டது.

போன்:

"ப்பா ஆரம்பிச்சாச்சா?"

ஆரம்பித்துவிட்டேன் என்று போட்டேன்.

"சுத்தமா இல்லப்பா. இரைச்சல் மட்டும்தான்."

கொஞ்ச நேரம் கழித்து:

"இன்னைக்கு புதுசா நாலு பேரக் கூட்டிட்டு வந்தேன். எங்கப்பா குரல் வரும்னு சொல்லி. பரவால்லப்பா. அடுத்த வாரம் பாப்போம்."

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். குன்னூருக்கு நேராகப் போகிற கோட்டை இன்னும் நீட்டினால் கடல் தாண்டி எங்கே போகும் என்று நான் மேப்பில் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். மஸ்கட்.

சி. கேட்டாள், "அவனுக்குக் கேக்கலையா?"

"வானம் சரியில்ல."

"போன வாரம் சரியா இருந்துச்சே."

"வானம் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்குமா?"

நம்பின மாதிரி தெரியவில்லை. நான் சாப்பிடவில்லை. நான்கு பேரைக் கூட்டி வந்து மாடியில் நிறுத்தி, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். என் பிள்ளை.

ஜூன் 21, சனி

காலை ஆறு மணிக்கெல்லாம் மொட்டை மாடியில் காலடிச் சத்தம். போய்ப் பார்த்தால் சி. கையில் போன், திசைகாட்டி போட்டிருக்கிறாள். பாய் வீட்டுத் தென்னைப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"குன்னூரு" என்றாள். "அதே கோட்டுல மஸ்கட்டு."

நான் டேங்கின் மூடியைச் சரி செய்தேன். மூடி சரியாகத்தான் இருந்தது.

"கயித்தப் பிடிச்சப்பவே தெரியும். தென்ன ஆடுற விதம் வேறன்னீங்க பாருங்க, அப்பவே. சிரிப்புத்தான் வந்துச்சு. செஞ்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"அப்ப சொல்லிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல? நம்ம ஒசரத்துக்குப் பெரிய கம்பி மானத்தப் பாத்துத்தான் போகும். மேல போயி மழ கணக்கா நாலு பக்கமும் கொட்டும். நுனிய எங்கிட்டுத் திருப்புனாலும் குன்னூருக்கும் பெய்யும் கரூருக்கும் பெய்யும். புத்தகத்துல அடுத்த பக்கத்துலயே போட்டிருக்கு. நீங்க படத்தோட நிறுத்திட்டீங்க. சாமுவேல் சாரை அறுத்து விடணும்னா கம்பிய இன்னும் நாப்பது அடி ஒசத்தணும். முடியுமா ஒங்களால?"

அப்புறம் குரல் மாறியது.

"சின்னக் கம்பிய நானும் மறந்துட்டேன். அதுக்கு இந்த ஒசரம் போதும், நுனியத் திருப்புனா அது திரும்பிரும். பிள்ளைய அறுத்துட்டோம் ரெண்டு பேருமாச் சேந்து."

கோபம் வந்தது. தப்பு என் பக்கம் இருக்கும்போது எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"என்னத்தத்தான் அந்தாளுகிட்ட தெனம் அவ்வளவு பேசுற?"

"அவரு அப்புறம்ங்குறாரு. சொல்றேன். நீங்க என்னைக்காவது என்னைய அப்புறம்னு கேட்டிருக்கீங்களா? மைக்கப் பிடிச்சா சிக்னல் எப்படி. வீட்டுக்குள்ள வந்தா சாப்பாடு எப்ப. ரெண்டுக்கும் ஃபைவ் நைன்னு சொல்லிட்டு நான் அடுப்படிக்குப் போயிரணும்."

"பொறாமன்னு நெனக்கிறியா?"

"நீங்கதான் சொல்லணும்."

சொல்லவில்லை. "காத்துக்குத்தான் மாத்துனேன்" என்றேன். மறுபடியும். வாயில் வந்துவிட்டது.

"சரிங்க. இனிமே நான் மைக்கத் தொடல. போதுமா?"

இறங்கிப் போய்விட்டாள். ஏழரைக்கு நெட். அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தம்.

ஜூன் 22, ஞாயிறு

கம்பியைப் பழையபடி வேப்பமரத்துக்கே திருப்பினோம். புதுக் கயிறு. சி. பிடித்தாள். "இழு", "விடு", "போதும்". மூன்று வார்த்தைக்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. பாய் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னங்க, எங்க மரம் பிடிக்கலையா?" என்றார். சிரித்து வைத்தேன்.

மீட்டர் சரி. வேலை சரி. மற்றது சரியில்லை.

ஜூன் 23, திங்கள்

நெட்டில் நான் மட்டும். நினைத்தது நடந்தது. குன்னூருக்குப் பேச ஆளில்லை. இப்படித்தானே வேண்டும் என்றிருந்தேன்.

திருச்சி கேட்டது: "மேடம் எங்க சார்?" காய்ச்சல் என்றேன். கரூர் கேட்டது: காய்ச்சல். காரைக்குடி கேட்டது: காய்ச்சல். அடுப்படியில் அவள் தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகு வெடிக்கிற சத்தம் மைக்கில் போயிருக்கும்.

சாமுவேல்: "பாத்துக்கங்க முத்து சார். வெந்நீர் குடுங்க. என் வீட்டுல காய்ச்சல்னு சொன்னப்ப நான் பெருசா எடுத்துக்கல." கனைத்துக்கொண்டார். "அப்புறம்?"

என்னை. முதல் தடவையாக என்னைக் கேட்டார். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சொல்வதற்கு ஒன்று கூட வரவில்லை. ஒரு மனிதனுக்கு இத்தனை வயதில் ஒரு அப்புறம் கூட இல்லாமல் போகுமா?

"சிக்னல் எப்படி சார்?" என்றேன்.

"ஃபைவ் நைன்" என்றார். பாவம்.

ஜூன் 24, செவ்வாய்

இடி மட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று கேபிளைக் கழற்றிப் போட்டேன்.

வீட்டில் எல்லாம் நடக்கிறது. காபி வருகிறது, சோறு வருகிறது, துணி மடித்து வருகிறது. கேட்டதற்குப் பதில் வருகிறது. சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஃபைவ் நைன் வீடு.

காலையில் கடையிலிருந்து காது கொடுத்தேன். மேலே ரேடியோ ஓடுகிறது. குறைச்சலாக வைத்திருக்கிறாள். நெட்டைக் கேட்கிறாள், பேசவில்லை. யாரோ "சிவகாமி மேடம் இன்னைக்கும் இல்லையா?" என்று கேட்டது மாடிப்படி வழியாக எனக்கு விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

பொறாமை இன்னும் இருக்கிறது. ஆள் அதேதான், காரணம் மாறிவிட்டது. கேட்கத் தெரிந்தவர் மேல் பொறாமை. கற்றுக்கொள்ளக் கூடிய விஷயம்தானே, அதுதான் ரொம்ப உறுத்துகிறது.

பரணில் பழைய இரண்டு வாட் செட் கிடந்தது. நானே ஈயம் வைத்துக் கூட்டியது. துடைத்தேன். பேட்டரி போட்டேன், உயிர் இருக்கிறது. காயில் கம்பி எடுத்துக் கடைக்குள்ளேயே சுவரைச் சுற்றி ஆணியில் கட்டினேன். அசிங்கமான ஆண்டெனா. பக்கத்துத் தெருவுக்குப் போனால் பெரிசு. எனக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

ஜூன் 25, புதன்

வெயில். காற்று அடங்கியிருக்கிறது.

ஏழரை. கடை ஷட்டர் பாதி திறந்தபடி. மேலே ரேடியோ வழக்கம் போலக் குறைச்சலாக. திருச்சி பேசி முடித்தது, கரூர் முடித்தது. இடைவெளி வந்ததும் பொத்தானை அழுத்தினேன். அவள் உரிமத்தில் இருக்கும் கால்சைனைச் சொன்னேன். என் கால்சைனைச் சொன்னேன். தலைக்கு மேலே பத்தடியில் இருப்பவளை வானொலியில் கூப்பிட்டேன்.

மேலே என் குரலே பெரிசாக அலறிக் கேட்டது. பாத்திரம் கீழே வைக்கிற சத்தம். நடக்கிற சத்தம். நாற்காலி இழுக்கிற சத்தம்.

என் இரண்டு வாட் திருச்சிக்கே ஒழுங்காகப் போயிருக்காது. அவள் என்ன சொல்வாள் என்பது மட்டும் எல்லாருக்கும் கேட்கும், குன்னூருக்கும் சேர்த்து.

அவள் கால்சைன் வந்தது. என் கால்சைன் வந்தது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை, யாரோ தெரியாத ஸ்டேஷனுக்குச் சொல்வது போல:

"ஃபைவ் நைன். காதப் பொளக்குதுங்க. ஓவர்."

ராத்திரி முழுக்க யோசித்து வைத்தது எல்லாம் போய்விட்டது. சிக்னல் எப்படி என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். எதிரே அலமாரியில் வார்னிஷ் டப்பா. மூடி திறந்தபடி.

அழுத்தினேன்.

"சிவகாமி, இப்பவும் இந்த வார்னிஷ் வாசனைக்கு ஒனக்குத் தல வலிக்குதா? ஓவர்."

இரைச்சல் மட்டும். டப்பாவை எடுத்து மூடினேன்.

"வலிக்குது" என்றாள். "அப்புறம்?"